மச்சாளை அவிழ்த்துவிட்டது யார்

வேலைத்தளப் பரிசோதனைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன கிழமை பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். கோச்சி கவிழ்ந்தால் ரயில்வே விசாரிக்கும், லொறி கவிழ்ந்தால் பொலிஸ் விசாரிக்கும், தண்டவாளத்தில் ஓடினாலும் ரயில்வேக்குச் சொந்தமில்லாத ஒன்று கவிழ்ந்தால் யார் விசாரிப்பது என்பதுதான் கேள்வி. நான் சிரித்துவிட்டேன். கேட்டவருடைய முகம் சுருங்கிப்போனது. மன்னிக்க வேண்டும், நான் சிரித்தது கேள்வியைப் பார்த்து அல்ல. அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே, ஒரு சின்ன டீசல் என்ஜின் வாவித் தண்ணீருக்குள் வயிறுவரை நின்றுகொண்டு, உச்சியில் ஒரு நீர்க்காகத்தை வைத்திருக்கிற காட்சி என் கண்ணில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு முகத்தை நேராக வைத்திருப்பது என்னால் முடிகிற காரியம் அல்ல.

இப்படியான கட்டுரையை ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் நரைகூட விழவில்லை. திருகோணமலைக்கு மாற்றலாகிப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் எனக்கு முன்பிருந்த இரண்டு மூத்தவர்களும் ஒரு வரிகூட எழுதாமல் போய்விட்டார்கள். யுத்தம் முடிந்த கையோடு இப்போது பார்க்கும் இடமெல்லாம் கல் உடைக்கிறார்கள், தண்டவாளம் போடுகிறார்கள். நாளைக்கே உங்களில் ஒருவருக்குத் தொலைபேசி வரலாம். ஆகவே எழுதுகிறேன்.

சட்டத்தில் உள்ள பதிலை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். வேலைத்தளத்து வேலிக்குள் ஓடுவது நமது பொறுப்பு. மிச்சம் கைநூலில் இருக்கிறது. கைநூலில் இல்லாததைக் கேளுங்கள்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கடற்கரையில் வீடிழந்த சனங்களை உள்பக்கம் குடியமர்த்துவதற்காக ஏறாவூருக்குத் தெற்கே ஆற்றோரமாக ஒரு வீதி போட்டுக்கொண்டிருந்தார்கள். (வாவி என்று எழுதுகிறோம், வாயால் ஆறு என்றுதான் சொல்கிறோம். நானும் மாற்றி மாற்றித்தான் எழுதுவேன்.) சேற்று நிலம். லொறி இறங்கினால் அச்சுவரை புதையும். ஒப்பந்தக்காரர் எங்கோ மூடிக்கிடந்த ஓர் ஆலையிலிருந்து இரண்டடி அகலப் பாதைக்கான தண்டவாளங்களையும், ஒரு சின்ன என்ஜினையும், கல் ஏற்றும் ஆறு இரும்புத் தொட்டிகளையும் கொண்டுவந்து இறக்கினார். கற்குவியல் மேட்டில் இருந்தது. வேலை நடந்த கரை பள்ளத்தில். இரண்டுக்கும் இடையில் நானூறு யார், கிட்டத்தட்டக் கால் மைல் தூரம். சரிவு கண்ணுக்குத் தெரியாது. பந்தை வைத்தால் யோசித்து யோசித்து உருளும்.

என்ஜினை அங்கே எல்லாரும் மச்சாள் என்றுதான் கூப்பிட்டார்கள். அதை ஓட்டியவர் ஏறாவூர் ஹனீபா காக்கா, எல்லாருக்கும் அண்ணன் முறை. கூடவே நின்று தொட்டிகளை இணைக்கும் கொழுவிகளை மாட்டுவதும் கழற்றுவதும் சின்னத்தம்பி அண்ணன். அவர் நெல் விதைக்கிற காலத்தில் வயலுக்கும் மற்றக் காலத்தில் வேலைத்தளத்துக்குமாக வருகிறவர். மச்சாள் யாருக்கு மச்சாள் என்பதில் இரண்டு பேருக்கும் தீராத வழக்கு. தான்தான் முறை மாப்பிள்ளை என்று சின்னத்தம்பி அண்ணன் சொல்வார். உன் முறைக்கு அவள் ஒருநாளாவது உதைத்த உதையில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறாளா என்று ஹனீபா காக்கா கேட்பார்.

நான் அங்கே முதன்முதலில் பரிசோதனைக்குப் போனது ஒரு புதன்கிழமை. எனக்கு இருபத்துநான்கு வயது, உத்தியோகம் கிடைத்து ஏழு மாதம். பழுகாமத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் சொல்கிறேன்.

நான் முதலில் கண்டது என்ஜினை அல்ல, கயிற்றை. மச்சாளின் பின் கொக்கியிலிருந்து ஒரு தடித்த கயிறு போய் மேட்டில் நின்ற மருதமரத்தைச் சுற்றி இறுகியிருந்தது. சில்லுகளுக்கு முன்னால் இரண்டு கட்டையும் நாலைந்து கல்லும். அந்த முடிச்சை எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா எருமை கட்டுகிற முடிச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தேகமல்ல, வெட்கம். டீசல் என்ஜினை எருமையைப் போல மரத்தில் கட்டி வைத்திருக்கிறார்களே, யாராவது பெரிய அதிகாரி பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று காது சூடாகிவிட்டது.

சின்னத்தம்பி அண்ணன் காரணத்தைச் சொன்னார். ஒளிக்காமல், தெளிவாகச் சொன்னார்.

"பிரேக் பிடிக்கும் சேர், பிடிக்காதெண்டு சொல்லல்ல. ஆனா இவள் பொறுமையில்லாதவள். கல்லுப் பாரத்தோட நிப்பாட்டினா கொஞ்ச நேரம் நிப்பாள், மறுகா மெல்ல எறங்கிருவாள். கயிறு கட்டினாத்தான் நமக்கும் சோறு இறங்கும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா. தொட்டிகளைக் கழற்றச் சொன்னேன். வெறும் என்ஜினைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடச் சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். மச்சாள் மலைபோல நின்றாள். அதற்குத்தான் பிரேக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் அண்ணன் என்று சொல்லிவிட்டு, கடதாசி எடுத்து எழுதினேன். என்ஜினைக் கயிற்றினால் மரத்தில் கட்டுதல், சில்லுகளுக்குக் கீழ் கல், கட்டை முதலியன வைத்தல் ஆகிய நாட்டு வழக்கங்கள் உடனடியாக நிறுத்தப்படல் வேண்டும். பிரேக் மட்டுமே பாவிக்கப்படல் வேண்டும். கீழே கையெழுத்து, முத்திரை. இரண்டு இடத்தில் 'படல் வேண்டும்' வந்ததில் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

மறுநாள் பௌர்ணமி, போயா லீவு. அந்த லீவு நாளில் அவர்கள் என் கடதாசியை ஏறாவூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் உறை ஒட்டி, துளை போட்டு, மச்சாளின் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே தொங்கவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்குத் தொலைபேசி வந்தது. மச்சாள் ஆற்றுக்குள் இறங்கிவிட்டாள், போகிற வழியில் இராணுவக் காவலரணின் ஒரு மூலையையும் கொண்டுபோய்விட்டாள், ஹனீபா காக்காவைப் பொலிஸ் கூட்டிப்போய்விட்டது.

இனித்தான் உங்கள் கேள்வி வருகிறது. எங்கள் மேலதிகாரி ரயில்வேக்கு அழைத்தார். இரண்டடி அகலமெல்லாம் எங்கள் பாதையல்ல என்றார்கள். வீதிக்காரருக்கு அழைத்தார். சம்பவம் நடந்தது தண்டவாளத்தில், வீதி இன்னும் பிறக்கவேயில்லை என்றார்கள். பொலிஸ், நாங்கள் ஆட்களைத்தான் விசாரிப்போம், இரும்பை விசாரிக்க எங்களுக்குத் தெரியாது என்றது. ஒப்பந்தக்காரரின் முகாமையாளர், ஆற்றுநீர் உள்வாங்கி இழுத்திருக்கும், சுனாமியின் மிச்சம் என்றார். அந்த வருடம் எதற்கும் கடலைக் காட்டிவிடலாம், கூரை ஒழுகினாலும் கடல்தான். கடைசியில் மேலதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வேலைத்தளத்துப் பத்திரக் கோவையில் கடைசியாகக் கையெழுத்து வைத்தவர் யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். பரிசு வாங்கப் போகிறவனைப்போல.

போய்ப் பார்த்தால் கரையில் திருவிழா. பாண்காரர் சைக்கிளோடு நிற்கிறார், ஐஸ்பழக்காரரும் வந்துவிட்டார். தண்ணீருக்குள் மச்சாள், அவளுக்குப் பின்னால் ஆறு தொட்டியும் வாத்துக்குஞ்சுகளைப்போல வரிசையாக. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

நடந்ததைச் சின்னத்தம்பி அண்ணன் என்னை மேட்டிலிருந்து பள்ளம்வரை நடத்திக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஹனீபா காக்கா கல் ஏற்றிய ஆறு தொட்டியோடு மச்சாளை மரத்தடியில் நிறுத்தி, கைப்பிரேக்கை இறுக்கிவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். சின்னத்தம்பி அண்ணன் நிழலில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். பாதிச் சோற்றில் நிமிர்ந்து பார்த்தால் மச்சாள் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். இன்னொரு பிடி. இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். எச்சில் கையோடு ஓடி ஏறிப் பிரேக்கைத் திருகினார். அது ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்தது. இறங்கினார். வண்டில் மாடு நடக்கும் வேகம்தான். ஆகவே அவரும் பக்கத்திலேயே நடந்தார், நில்லுகா, நில்லுகா என்று கெஞ்சிக்கொண்டு. பாண்காரர் மணியடித்தபடி பின்னால் வந்தார். ஒரு நாயும் சேர்ந்துகொண்டது.

"கல்லைத் தூக்கிப் போட்டிருக்கலாமே அண்ணன், அந்த வேகத்துக்கு நின்றிருக்குமே" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"கல்லைக் கையில எடுத்தனான் சேர். எடுத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தனான். மறுகா நினைச்சன், எழுத்தில கிடக்கே, கல்லு வைக்கப்படாதெண்டு. வைச்சா ஒங்களுக்கெல்லோ பிரச்சினை."

பாதி வழியில் காவலரண், மதியம் ஓட்டம் இல்லையென்று மண்மூட்டைகளைத் தண்டவாளம்வரை தள்ளி வைத்திருந்தார்கள். அங்கே கதிரையில் இருந்த சிப்பாய், தென்பகுதிப் பையன், கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். மச்சாள் நிற்கவில்லை. இரண்டாம் முறை காட்டினான். பிறகு கதிரையிலிருந்து பாய்ந்தான். கதிரை போனது, மண்மூட்டை ஒரு மூலை போனது, ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. அவன் எழுதிக்கொடுத்த அறிக்கையைப் பிறகு நானே பார்த்தேன். சாரதியற்ற வாகனம், கட்டளைக்குப் பணியவில்லை, அடையாள அட்டை காட்டவில்லை என்று இருந்தது.

சொல்லி முடித்துவிட்டுச் சின்னத்தம்பி அண்ணன் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து நீட்டினார். ஆற்றுக்குள் நீந்திப் போய் எடுத்து வந்திருக்கிறார், கட்டியிருந்த சாரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. என் கடதாசி. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை. 'படல் வேண்டும்' இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"நல்ல காலம் சேர், இது நனையல்ல" என்றார். குத்திச் சொன்னாரா, உண்மையாகவே ஆறுதலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் குந்திச் சிரித்தேன். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை, ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. பாண்காரர் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது சிரிப்பு நின்றது. வாசலில் ஹனீபா காக்காவின் மனைவி சாப்பாட்டுப் பார்சலோடு நின்றார். உள்ளே பொறுப்பதிகாரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். காவலரணை நோக்கி ஒரு வாகனம் ஆளில்லாமல் அனுப்பப்பட்டிருக்கிறது. அது விபத்து என்று ஒருவர் எழுத்தில் காரணம் தராவிட்டால், அது விபத்து இல்லை. நாலு மணிக்கு வாகனம் வரும், ஆள் கொழும்புக்குப் போவார். அந்த நாட்களில் அப்படிக் கொழும்புக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று சொல்ல ஒருவரும் கிடையாது. மணி மூன்று.

அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து எழுதினேன். இயந்திரக் கோளாறு காரணமாக என்ஜின் நகர்ந்துள்ளது. நல்ல வசனம். ஒருவரையும் குற்றம் சொல்லாத வசனம். முக்கியமாக, என்னை.

பொறுப்பதிகாரி அதை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். தமிழ் அவர் வேலையில் பழகிய தமிழ்தான், ஆனால் அவர் கேட்டதைப்போல ஒரு கேள்வியை நான் இந்தத் தொழிலில் பிறகு கேட்டதில்லை.

"கோளாறு புதன்கிழமையும் இருந்ததுதானே? அப்ப ஏன் புதன்கிழமை போகல்ல, இண்டைக்குப் போனது?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எது பழுதாக இருந்தது என்று எவரும் கேட்பார். பழுதான அந்தச் சாமான் நேற்றுவரை எப்படி ஒழுங்காக நின்றது, அதை யார் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கேட்க வேண்டும். புதன்கிழமைவரை மச்சாளைக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தது. வியாழன் லீவு. வெள்ளிதான் கயிறில்லாத முதல் நாள்.

இரண்டாவது கடதாசியை எழுதக் கால்மணி நேரம் பிடித்தது. பிரேக் பட்டி தேய்ந்தது, பாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பிறகு விட்டுவிடும். அதை அறிந்த தொழிலாளர் கயிறும் கட்டையும் பாவித்தார்கள். தம்மிடம் காரணம் விளக்கப்பட்டிருந்தும் அவற்றைத் தடைசெய்தவர் பரிசோதனை உத்தியோகத்தர். பொறுப்பாளி என்ற இடத்தில் என் பெயர். விசாரணை செய்தவர் என்ற இடத்திலும் என் பெயர். பிளாஸ்டிக் உறையோடு ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

பொறுப்பதிகாரி மூன்று முறை வாசித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"அப்ப உங்களைத்தானே உள்ள போடணும்?"

ஓம் சேர் என்றேன். வேறு என்ன சொல்வது. என்னைக் கொண்டுபோய் ஹனீபா காக்கா இருந்த அதே வாங்கில் இருத்தினார்கள். இரண்டு தேத்தண்ணி வந்தது. ஹனீபா காக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி இப்பிடிச் செஞ்சிட்டீங்க. நமக்கு இந்தப் பொலிசு வாங்கெல்லாம் பழகின வாங்கு. ஒங்களுக்கு இது மொத உத்தியோகமில்லியா."

நாலு மணிக்கு வாகனம் வந்தது. பொறுப்பதிகாரி வெளியே போய் ஏதோ சொன்னார். வாகனம் வெறுமையாகப் போனது. என்னையும் ஹனீபா காக்காவையும் விட்டார்கள், அவரை மட்டும் ஒரு நிபந்தனையோடு. எங்கள் தலைமைக் காரியாலயம் அந்த அறிக்கையை உறுதிப்படுத்தும்வரை அவர் தினமும் காலையில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அவரை வெளியே விட்டது என் கடதாசி என்றால், அவரை வெளியிலேயே வைத்திருக்க வேண்டியதும் அந்தக் கடதாசிதான்.

தலைமைக் காரியாலயத்திலிருந்து இரண்டு கிழமையில் பதில் வந்தது. விசாரணை செய்தவர், பொறுப்பாளி ஆகிய இரு இடங்களிலும் ஒரே பெயர் காணப்படுவதால், எழுத்துப் பிழையைத் திருத்தி மீள அனுப்பவும். இது பிழையல்ல என்று எழுதினேன். இரண்டாவது கடிதம் வந்தது. பிழையல்ல எனத் தாங்கள் குறிப்பிட்டதிலேயே பிழை நேர்ந்திருக்கலாம் என அபிப்பிராயப்படுகிறோம். எங்கள் கந்தோரில் அதை ஒருவர் மாறி ஒருவர் வாங்கிச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹனீபா காக்கா தினமும் காலையில் ஏறாவூரிலிருந்து சைக்கிளில் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். பொலிசுக்குப் போய்வரும் ஆளுக்கு ஒப்பந்தக்காரர் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது உறையில் கடிதம் இல்லை. என் அறிக்கையை அவர்களே திருத்தித் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். காரணம்: சாரதியின் கவனயீனம். கீழே என் கையெழுத்துக்கு மட்டும் ஒரு புள்ளிக்கோடு.

அந்தக் கடதாசியை இரண்டு நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். ஏன் இரண்டு நாள் என்று கேட்டால், பயம். கையெழுத்து வைத்துவிடு, அவருக்குப் பெரிதாக ஒன்றும் வராது, வேலைதானே போகும், அது போய்த்தானே இருக்கிறது என்று மேலதிகாரி ஆறுதலாகச் சொன்னார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். இரண்டு நாளும் லாச்சியைத் திறப்பேன், மூடுவேன். மூன்றாம் நாள் காலை எழுதினேன். பிழை விட்டவனே அதை விசாரிப்பது முறையல்ல என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது, தயவுசெய்து வெளியிலிருந்து ஒருவரை அனுப்புங்கள்.

தண்டனை என்ன கிடைத்தது என்று சிலர் கடைசிவரை காத்திருப்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கோவையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடத்துக்கு வெளிக்களப் பரிசோதனை கிடையாது. அந்த ஒரு வருடமும் பழைய விபத்துக் கோவைகளுக்கு இலக்கம் போட்டேன். நீங்கள் இன்று தேடி எடுக்கிற ஒழுங்கு அந்த வருடத்தில் வந்ததுதான்.

நான் கேட்டபடி வெளியிலிருந்து விசாரிக்க அனுப்பப்பட்டவர் பொலன்னறுவைப் பக்கமிருந்து வந்த ரயில்வேப் பாதைப் பரிசோதகர். எங்கள் பாதையல்ல என்று சொன்ன அதே ரயில்வேயிலிருந்து இரவலாக வாங்கியிருந்தார்கள். மெலிந்த மனிதர், கையில் குடை. மச்சாளை அதற்குள் தூக்கிக் காயவைத்து ஓடவிட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரர் பிரேக்கை மட்டும் இன்னும் மாற்றவில்லை. வழக்கு முடியாமல் கைவைக்கக் கூடாது என்று ஒரு நல்ல சாட்டு அவருக்குக் கிடைத்திருந்தது.

மருதமரத்தடியில் குடையை விரித்து ஊன்றிவைத்துவிட்டு அவர் விசாரணையைத் தொடங்கினார். நான் என் பிழை என்றேன். உடனே ஹனீபா காக்கா எழுந்து, தம்பி சின்னப்பிள்ளை, அவருக்கு ஒன்றும் தெரியாது, தொழுகைக்கு நேரமாகுது என்ற அவசரத்தில் நான்தான் பிரேக்கைச் சரியாக இறுக்காமல் போயிருப்பேன் என்றார். அது பொய். சின்னத்தம்பி அண்ணன் ஏறிப் பார்த்தபோது பிரேக் கடைசிவரை இறுகியிருந்தது என்று நான் சொன்னேன். உடனே சின்னத்தம்பி அண்ணன், நான் சோற்றுப் பதற்றத்தில் பார்த்தது சரியோ தெரியாது சேர், எதுக்கும் நான் களவாகவாவது கயிற்றைக் கட்டியிருக்க வேணும், ஆனபடியால் இது என்ட பிழைதான் என்றார். அப்படிச் சொல்லப்படாது என்று ஹனீபா காக்கா அவரை அதட்டினார். நீங்கள் சும்மா இருங்க காக்கா என்று நான் ஹனீபா காக்காவை அதட்டினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைத்தோம்.

பரிசோதகர் பேனாவை மூடினார்.

"முப்பது வருசமா இதே வேலை. எல்லாரும் நான் இல்லை, நான் இல்லை எண்டுதான் சொல்லுவாங்க. இங்க கியூவில நிக்கிறீங்க. எனக்கு ஆக்கள் வேண்டாம். என்ஜின் சொல்லட்டும்."

அன்றைக்குப்போலவே செய்யச் சொன்னார். ஆறு தொட்டிக்கும் கல் ஏற்றினார்கள். மச்சாளை அதே இடத்தில் நிறுத்தினார்கள். அவரே ஏறிக் கைப்பிரேக்கைக் கடைசிவரை இறுக்கினார். காப்புக்காகச் சின்னத்தம்பி அண்ணன் பத்து முழம் தொய்வு விட்டுக் கயிறு கட்டினார். பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மச்சாள் நின்றாள்.

ஒரு நிமிடம். நான் அன்றைக்குக் கொடுத்த நேரம். மச்சாள் நின்றாள். இரண்டு நிமிடம். மூன்று. நாலாவது நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது, இவள் இப்படியே நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று. பிரேக் நல்ல பிரேக். அப்படியென்றால் அன்றைக்கு அதைப் போடவில்லை, அல்லது யாரோ வேண்டுமென்று கழற்றிவிட்டிருக்கிறார்கள். நான் எழுதியது முழுப்பொய். ஹனீபா காக்கா நாளைக் காலை கையெழுத்து வைக்கப் போனால் திரும்பி வரமாட்டார்.

ஐந்து நிமிடம். பாண்காரர் மணியில் கையை வைத்தபடி அசையாமல் நின்றார். காவலரண் சிப்பாய் தன் புதுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தான். ஹனீபா காக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறாரோ என்று நினைத்துக் கிட்டப் போனேன்.

"போ மச்சாள், போகா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "என்ட ராசாத்தியெல்லோ, ஒரு அடி எடுத்து வையிகா."

ஆறு. பரிசோதகர் தொண்டையைச் செருமினார். குடையை மடக்கக் கை நீட்டினார்.

ஏழாவது நிமிடத்தில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பல்லை ஒருமுறை நெருடியதுபோல. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, முன் சில்லில் ஒட்டிக் காய்ந்திருந்த ஒரு சேற்றுப் பொட்டு, மேலே இருந்தது, பக்கவாட்டுக்கு வந்தது. எல்லாருக்கும் முன்னால் அதை நான்தான் கண்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மச்சாள் யோசித்து யோசித்து இறங்கத் தொடங்கினாள், பின்னால் ஆறு தொட்டியும் டொக்கு டொக்கென்று ஒன்றையொன்று இடித்தபடி. ஹனீபா காக்கா என்னைத் தூக்கிவிட்டார், ஆள் பாரம் பாராமல். சின்னத்தம்பி அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே ஆடினார். பாண்காரர் மணியை விடாமல் அடித்தார். தூரத்தில் அந்தச் சிப்பாய்ப் பையன் கதிரையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கும்மாளம் போட்டான். என் பிழை எல்லார் கண்ணுக்கும் முன்னால், வண்டில் மாட்டு வேகத்தில், நடந்து போய்க்கொண்டிருந்தது, நான் அதற்குப் பக்கத்தில் குதித்துக்கொண்டே போனேன்.

கயிறு விறைத்தது. மரம் ஒருமுறை அதிர்ந்தது. மச்சாள் நின்றாள்.

பரிசோதகர் நடந்துகொண்டே எழுதியிருக்கிறார். என்னிடம் வந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், பொறுப்பாளி என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, முழுப் பெயர் என்ன என்று கேட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக என் பெயரை நான் அதற்கு முன்னும் பின்னும் ஒருவரிடமும் சொன்னதில்லை.